மூச்சு முட்டிய டேங்க்

திபேரியு லாரி ஓட்டத் தொடங்கிய இத்தனை வருடத்தில், ருமேனியாவிலிருந்து இத்தாலியின் பாதோவா நகருக்குச் சரக்கு கிடைத்தது இதுதான் முதல் முறை. அங்கே ஒரு கிழவியைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் அவன் மனைவி வியோரிகா இருந்தாள். போன ஈஸ்டருக்குப் பிறகு அவளைப் பார்க்கவில்லை. ஞாயிறு மதியம் மட்டும்தான் அவளுக்கு விடுப்பு.

அந்த ஞாயிறு காலை ஸ்லோவேனியா மேடுகளில் ஏறும்போது வண்டி இழுவை குறைந்து, இருமி, நின்றது. ஓரங்கட்டி டீசல் ஃபில்டரை மாற்றினான். கிளம்பியது, கொஞ்ச தூரத்தில் மறுபடி நின்றது. குழாய்களில் ஒழுகல் இல்லை. கொஞ்ச நேரம் சும்மா நிறுத்தி வைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆனது. அதுதான் அவனைக் குழப்பியது.

வியோரிகா போனில் கூப்பிட்டாள்.

"எங்க இருக்க? நீலச் சட்டையப் போட்டுக்கிட்டு எவ்வளவு நேரம் உக்காந்திருக்கிறது?"

"மலையில. வண்டி மக்கர் பண்ணுது."

"நீ என்னைப் பார்க்க வர்ற நாள் பார்த்துத்தான் அதுக்குக் காய்ச்சல் வரணுமா?"

சிரிக்கத்தான் பார்த்தாள். குரல் பாதியில் இறங்கிவிட்டது.

டீசல் அளவையாவது பார்ப்போம் என்று டேங்க் மூடியைத் திருகினான். அசையவில்லை. முழு பலத்தையும் போட்டுத் திருப்பியதும், 'உஸ்' என்று நீளமாகக் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டது டேங்க். அப்படியே நின்றுவிட்டான். டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று போயாக வேண்டும். போகாவிட்டால் டேங்க் டீசலை விடாது. மேலே இருந்த காற்றுக்குழாயைக் கழற்றி ஊதினான். கன்னம்தான் உப்பியது. கம்பி விட்டுக் குடைந்தான். காய்ந்த மண் பொலபொலவென்று உதிர்ந்தது. குளவி கூடு கட்டியிருந்தது.

அதற்குப் பிறகு வண்டி திணறவே இல்லை. ஆனால் பாதோவாவை அடைந்தபோது வெயில் சாய்ந்து, அவளுடைய விடுப்பும் முடிந்திருந்தது. ஊருக்குள் லாரியை விடமாட்டார்கள். கிடங்கு வாசலில் நிறுத்திவிட்டுக் கூப்பிட்டான்.

"கிழவியத் தனியா விட்டுட்டு வர முடியாது, திபி."

"ம்."

எந்தக் கிடங்கு என்று கேட்டுக்கொண்டாள். "அங்கயே இரு," என்றாள்.

சாலைத் திருப்பத்தில் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கம்பளி போர்த்தியிருந்த கிழவி இத்தாலிய மொழியில் என்னவோ கேட்டாள்.

"என்ன சொல்றாங்க?"

"இந்த அழுக்கனா உன் புருஷன்னு கேக்குறாங்க. அப்புறம், லாரியில ஏறிப் பார்க்கணுமாம்."

கிழவியின் உடம்பில் கனமே இல்லை. தூக்கி முன்சீட்டில் உட்கார வைத்தான். அவள் கண்ணாடி வழியே கிடங்குச் சுவரைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சீட்டுக்குப் பின்னால், அவன் இரவில் தூங்கும் பலகையில் இருவரும் ஒட்டி உட்கார்ந்தார்கள். டீசல் படிந்த கையை அவன் ஒதுக்கிக்கொண்டான். வியோரிகா அதை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"கிறிஸ்துமஸுக்கு வருவியா?"

"இவங்க மகன் லீவு கொடுத்தா."

கிழவி தூங்கிப்போனாள். மருந்து நேரம் தாண்டியும் இருவரும் அவளை எழுப்பவில்லை. பிறகு வியோரிகாதான் எழுந்து, கிழவியின் தோளை மெல்லத் தொட்டாள்.