கிளட்ச் இல்லாத கார்

என் வீட்டுக்காரர் பீம்ராவுக்கு உடம்பில் இடது காலுக்கு மட்டும் தனியாக ஓர் உயிர் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே டிரெய்லர் லாரி ஓட்டுகிறவர். சாப்பிட உட்கார்ந்தாலும் அந்தக் கால் கிளட்சைத் தேடும். தூக்கத்தில் என்னையே கிளட்ச் என்று நினைத்து மிதித்திருக்கிறார். சிரித்துக்கொண்டேதான் இருந்தேன், அந்தக் கால் எங்களைக் கொல்லப் பார்க்கும் வரைக்கும்.

இரண்டாயிரத்து ஆறு ஜனவரி. இவர் வேலை பார்க்கும் லாரி யார்டு முதலாளி சௌக்கத் அலி பாய் ஹஜ்ஜுக்குப் போகும்போது தன் காரை எர்ணாவூரில் எங்கள் பிளாக்குக்குக் கீழே விட்டுவிட்டுப் போனார். “அப்பப்போ ஸ்டார்ட் பண்ணு பீமு. பொண்ணு நெறமாசமா கீது, அவசரம்னா எடுத்துக்கோ” என்றார். நல்ல மனுஷன். அந்தக் காரில் கிளட்ச் கிடையாது. ரெண்டே பெடல்தான், கியரை அதுவே மாற்றிக்கொள்ளும்.

யார்டில் ஒரு பழக்கம் உண்டு. பழைய டிரெய்லர்களில் எங்கேயாவது கரண்ட் கசிந்து, காலையில் பேட்டரி செத்துக் கிடக்கும். அதனால் வண்டியை நிறுத்தியதும் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்கள். பாய் காருக்கும் இவர் அதையே செய்தார்.

“இவ்ளோ நல்ல வண்டிக்கு இது எதுக்குய்யா?” என்று கேட்டேன்.

“வண்டின்னா எல்லாம் வண்டி தான். நீ போயி சோத்தப் போடு.”

போட்டேன். வேறென்ன செய்ய?

என் மகள் எழில்மொழியின் வயிற்றில் குழந்தைக்குத் தலை மேலேயும் கால் கீழேயும் இருந்தது. வலி எடுத்தால் உடனே ராயபுரம் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும், தாமதித்தால் ரெண்டு உயிருக்கும் ஆபத்து என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள்.

ஒரு நாள் மத்தியானம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், கம்பியைப் பிடித்துக்கொண்டு “ம்மா” என்றாள். நான் ஆட்டோவைத் தேடி ஓடினேன். ஆட்டோக்காரன் ரோட்டைப் பார்த்துவிட்டு வரமாட்டேன் என்றான். துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் எர்ணாவூரிலிருந்தே வரிசையாக நின்றுகொண்டிருந்தன. “உள்ள மாட்டிக்கினா சாயங்காலம் ஆவும்க்கா.”

இவர் ஓடிப்போய் ஒயரை மாட்டினார். நான் பின் சீட்டில் எழிலின் தலையை மடியில் வைத்துக்கொண்டேன்.

கிளம்பும்போதே கார் சரியில்லை. ஆக்சிலேட்டரை மிதித்தால் நகராமல் நின்றது. இன்னும் மிதித்தால், யாரோ பின்னாலிருந்து எட்டி உதைத்த மாதிரி பாய்ந்தது. ஒவ்வொரு கியர் விழும்போதும் எழிலின் உடம்பு தூக்கிப்போட்டது. “மெதுவா ஓட்டு நைனா” என்று அழுதாள்.

“நான் இன்னா பண்றது? போன வாரம் பாய் கூட போனப்போ வெண்ணெய் மாதிரி போச்சு!”

எக்ஸ்பிரஸ் ரோட்டில் கடல் பக்கம் முழுக்க டிரெய்லர்கள். அவற்றைத் தாண்ட எதிர்ப்பக்கம் ஏறித்தான் போக வேண்டும். ஏறினார். தூரத்தில் ஒரு காலி டிரெய்லர் வந்துகொண்டிருந்தது. அது வருவதற்குள் முன்னால் தெரிந்த இடைவெளியில் புகுந்துவிடலாம் என்று நினைத்து அழுத்தினார். இன்ஜின் அலறியது, கார் வேகம் எடுக்கவில்லை. டிரெய்லர் பெரிதாகிக்கொண்டே வந்தது. இவருடைய இடது கால், வேறெந்தக் கால், கிளட்ச் என்று நினைத்து பிரேக்கை ஓங்கி மிதித்தது.

நடு ரோட்டில் நின்றோம். எழில் மடியிலிருந்து சரிந்தாள். அவள் வயிற்றின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டேன். கண்ணை மூடினால் செத்துவிடுவோம் என்று தோன்றியது, திறந்தே வைத்திருந்தேன். டயர் கருகும் நாற்றம் வந்தது. கண்ணாடி முழுக்க அந்த டிரெய்லரின் பம்பர்தான் தெரிந்தது. அது அப்படியே நின்றுவிட்டது.

டிரைவர் இறங்கி வந்து வாயில் வந்ததையெல்லாம் திட்டினான். பின் சீட்டைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான். “ஓரம் கட்டுண்ணே மொதல்ல” என்று வரிசையில் ஒரு டிரெய்லரைத் தட்டி இடம் விடச் சொன்னான்.

ஓரம் கட்டியதும் இவர் செல்போனில் அமீரைக் கூப்பிட்டார். அமீர் வண்ணாரப்பேட்டையில் பாய் காரைப் பார்க்கும் மெக்கானிக். நடந்ததைக் கேட்டதும் அவன் கத்தியது எனக்கே கேட்டது.

“பேட்டரி ஒயர கழட்டுனியா?”

“கழட்டுவேன். எல்லா வண்டிக்கும் அதானே பண்றோம்.”

“போச்சு! அந்த கியர் பாக்ஸு ஓட்டுறவன் காலப் பாத்துப் பழகும் மாமு. ஒயர கழட்டுனதுல பாய் கால மறந்துடுச்சு. இப்போ உன் காலத்தான் பழகிகினு கீது. நீ பதறி பதறி மிதிச்சா அதுவும் பதறும். சீரா அழுத்து, சீரா எடு. இடது கால மடிச்சு மேல வச்சுக்கோ.”

இவர் போனை வைத்தார். கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் ரத்தமே இல்லை. மகள் சாகப்போகிறாள் என்று நினைக்கும்போது சீராக அழுத்து என்றால் எந்தத் தகப்பனுக்குக் கால் கேட்கும்?

இடது காலை மடித்துச் சப்பணம் போட்டார், சாப்பிட உட்காருகிற மாதிரி. அப்புறம் காலடியில் முட்டை இருப்பதுபோல மெல்ல அழுத்தினார்.

கார் யோசித்தது. நகர்ந்தது. அடுத்த கியர் விழும்போது கொஞ்சம் உதறியது. எழில் கத்தினாள், அவர் கால் பதறவில்லை. அந்த டிரைவர் முன்னால் ஓடி எதிரே வந்தவர்களை நிறுத்தினான். திருவொற்றியூர் தாண்டும்போது உதறல் குறைந்திருந்தது. தண்டையார்பேட்டையில் எழில் என் கையைக் கடித்தாள். “ம்மா, எதுவோ வருதும்மா.” எனக்கு வாய்விட்டு அலற வேண்டும்போல இருந்தது. அலறினால் அவர் கால் பதறும். புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி வாசலில் கார் நின்றதுகூட எனக்குத் தெரியவில்லை, அவ்வளவு மெதுவாக நின்றது.

அறுத்துத்தான் எடுத்தார்கள். பெண் குழந்தை. ரெண்டு பேரும் பிழைத்தார்கள்.

பாய் ஹஜ்ஜிலிருந்து வந்ததும் பேரீச்சம்பழத்தோடு குழந்தையைப் பார்க்க வந்தார். அப்படியே காரை எடுத்து ஒரு சுற்றுப் போய் வந்தார். இறங்கும்போது முகம் ஒரு மாதிரி இருந்தது.

“இன்னாடா பீமு பண்ண? அழுத்துனாலும் ரோசன பண்ணித்தான் கெளம்புது. உள்ள புள்ளத்தாச்சி குந்திகினு கீற மாதிரி போவுது.”

நானும் இவரும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டோம்.

“ஒயர கழட்டி மாட்டுனா மறந்துடும்னு அமீர் சொன்னான். கழட்டு.”

இவர் பானெட்டைத் திறந்து ஸ்பேனரை வைத்தார். தினமும் ஒயர் கழற்றிய கைதான். இப்போது அது நட்டைத் திருப்பவில்லை. ஸ்பேனரை வெளியே எடுத்துவிட்டார்.

“என்னால ஆவாது பாய்” என்றார்.

பாய்க்கு ஒன்றும் புரியவில்லை. நான் இவர் கையிலிருந்து ஸ்பேனரை வாங்கி வைத்துக்கொண்டேன்.