மாகுவின் தட்டு

"வாயைத் திறங்க அத்தை. ஆப்பரேஷன் முடிஞ்சுது. உங்க பிள்ளை கண்ணு முழிச்சுட்டார். தண்ணி கேட்டாராம்."

யின்ஹுவா ஒரு கையால் மாமியாரின் தலையைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் கஞ்சிக் கரண்டியை உதட்டருகே கொண்டுபோனாள். உதடு திறக்கவில்லை. கஞ்சி மோவாயில் வழிந்து கழுத்துத் துணிக்குள் இறங்கியது. மகள் மின் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்து கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. செய்தியைக் கேட்ட கையோடு அடுப்படிக்கு ஓடி, கஞ்சியைச் சூடுபண்ணி, சர்க்கரையும் போட்டுக் கலக்கி எடுத்து வந்திருந்தாள். சந்தோஷத்தில் இல்லை, பயத்தில்.

"தெஷுன் பேசினானா?" கிழவியின் குரல் தொண்டையிலேயே பாதி நின்றுவிட்டது.

"பேசினார். உங்களைத்தான் கேட்டாராம்."

"வீட்டுப் படி ஏறட்டும். அப்புறம் தின்றேன்."

"அதுக்கு இன்னும் நாளாகும் அத்தை. உடம்பு தாங்குமா?"

"தாங்காட்டி போகுது. தொண்ணூத்தாறு வயசு வரைக்கும் தின்னது பத்தாதா?"

ஊருக்குப் பின்னால் மாகு மலை. மலைமேல் மாகுவுக்குக் கோயில். சாவே வராத பெண் தெய்வம் அவள். கடல் வற்றி வயலானதை மூன்று முறை பார்த்தவள் என்பார்கள். முகம் மட்டும் இன்னும் பதினெட்டு வயதிலேயே நிற்கிறது. விரல்களில் பறவைக்கு இருப்பதுபோல் நீள நகம். பெண்களுக்கு அறுபது, எழுபது என்று பிறந்தநாள் வந்தால், பீச் பழத் தட்டை ஏந்திய மாகுவின் படம் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டாமல் அந்த ஊரில் யாரும் விருந்துக்கு உட்கார மாட்டார்கள். இந்த வீட்டுக் கிழவிக்கோ எண்பதிலும் படம் வந்தது, தொண்ணூறிலும் வந்தது, தொண்ணூற்றைந்தில் தெருவே திரண்டு பெரிய படமாக ஒன்றைக் கொண்டுவந்தது. கிழவிக்குப் பெருமை தாங்கவில்லை. "மாகு எனக்குத் தங்கச்சி முறை" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வாள். அது பழைய பழக்கம். யின்ஹுவாவின் கல்யாண விருந்தில் வறுத்த மொச்சையைக் கடிக்கப் போய் கீழ் முன்பல் ஒன்று சாய்வாக உடைந்துவிட்டது. கல்யாணப் படத்தில் மாப்பிள்ளையின் அம்மா மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பாள். மிச்சப் பற்கள் ஒவ்வொன்றாக விழுந்து, வாய் வெறும் ஈறாகி எத்தனையோ வருஷமான பிறகும் கை மட்டும் வாய்க்குப் போய்க்கொண்டேதான் இருந்தது.

மூத்த மகன் தூக்கத்தில் போனான். நடுவுள்ளவன் நுரையீரல் கெட்டுப் போனான். அதன் பிறகு தெருவில் கேலியின் ருசி மாறியது. மாகு, மாகு என்று இப்போதும் கூப்பிட்டார்கள். ஆனால் கூப்பிட்டுவிட்டுத் தெஷுன் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்கள். கிழவிக்கு மிச்சமிருந்தது அவன் ஒருவன்தான்.

அந்தப் பல்லை யின்ஹுவா பார்த்தது இரண்டு வாரத்துக்கு முன்னால். விளக்கு வைத்த நேரம், கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். கீழ் ஈற்றில், கஞ்சிக்கு நடுவே, வெள்ளையாக என்னவோ முளைத்து நின்றது. கரண்டி அதில் பட்டு டக்கென்றது. வயதானவர்களுக்குப் புதிதாகப் பல் முளைத்தால் அது சோறு தின்ன முளைத்ததில்லை, பெற்ற பிள்ளையின் ஆயுளைத் தின்ன முளைத்தது என்று அந்தப் பக்கத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும். யின்ஹுவா இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. நம்பவில்லை, நம்பவில்லை என்று சொல்லிக்கொண்டே விடியும்வரை புரண்டுகொண்டிருந்தாள். காலையில் நூடுல்ஸ் கடையில் மாவு மூட்டையை இறக்கிக்கொண்டிருந்த தெஷுன், மூட்டையோடு அப்படியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

அவனை நகரத்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றி, மின்னையும் கூடவே அனுப்பிவிட்டு வந்த சாயங்காலம், யின்ஹுவாவால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. குழாயடியில் கீரை அலசிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு லுவோ அக்காவிடம் போய்ச் சொன்னாள்.

"பல்லா? நிஜப் பல்லா?" லுவோ அக்கா கீரையைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டாள்.

"வெள்ளையா, அரிசி மாதிரி இருக்கு."

"மூத்தவன் போனான். நடுவுலவன் போனான். இப்ப உன் வீட்டுக்காரனா? ஏண்டி, மாகு தட்டுல பழம் எங்கேருந்து வருதுன்னு நினைக்கறே? வானத்துலேருந்து விழுதா? வீட்டு மரத்துலேருந்துதான் பறிச்சுக் குடுக்கறா."

"மெதுவா பேசுங்க அக்கா."

அப்போதுதான் தலையைத் தூக்கிப் பார்த்தாள். குழாய்க்கு நேர் மேலே கிழவியின் அறை ஜன்னல். இரண்டு கதவும் திறந்து கிடந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டுக்குக் கிழவி வாயைத் திறக்கவில்லை. "வயிறு சரியில்ல" என்றாள். மறுநாளும் அதையே சொன்னாள். யின்ஹுவா கெஞ்சினாள், ஒருநாள் கெஞ்சினாள். பிறகு கிண்ணத்தைக் கட்டிலருகே வைத்துவிட்டு, ஆறியதும் எடுத்துப் போகத் தொடங்கினாள். வற்புறுத்தவில்லை. நிறைந்த கிண்ணத்தை அடுப்படிக்குத் திருப்பி எடுத்துப் போகும்போதெல்லாம் உள்ளே எங்கோ ஒரு முடிச்சுத் தளர்ந்தது. தளர்கிறது என்று அவளுக்கே தெரிந்தது. அதை நினைத்தால் அவளுக்கே தன்மேல் பயம் வந்தது. ஆனாலும் மறுவேளையும் அப்படித்தான் செய்தாள். கிழவி ஒருநாள் கதவு வழியாகத் தெரிந்த சாப்பாட்டு அறைச் சுவரைக் காட்டி, "அந்தப் படத்தைத் திருப்பி மாட்டு" என்றாள். யின்ஹுவா மாகுவை முகம் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டினாள்.

இன்று போன் வந்த பிறகுதான் மூளைக்கு உறைத்தது. தெஷுன் பிழைத்துவிட்டான். அவன் வந்து, அம்மா எங்கே என்று கேட்பான்.

கரண்டியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு யின்ஹுவா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "அத்தை, பல்லெல்லாம் ஒண்ணும் முளைக்கல. நான் வாய்க்கு வந்ததை உளறிட்டேன். சத்தியமா."

கிழவி கண்ணைத் திறந்து பார்த்தாள். "உன் காது செவக்குது. நீ பொய் சொன்னா காது செவக்கும். கல்யாணமாகி வந்த நாளிலேருந்து பாக்கறேன்."

"அப்படியே முளைச்சிருந்தாத்தான் என்ன? ஆப்பரேஷன் நல்லா முடிஞ்சுடுச்சே."

"நான் திங்காததால முடிஞ்சுது." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "எனக்கு நாக்கால தட்டுப்படுது. ராத்திரியெல்லாம் தடவித் தடவிப் பாக்கறேன். வளந்துட்டே இருக்கு. போதும்னு மாகுகிட்ட சொல்லிட்டேன், நிறுத்த மாட்டேங்கறா. எனக்குப் பயமா இருக்கு யின்ஹுவா."

மாமியார் பயம் என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை. கரண்டியை மறுபடி எடுத்து, கன்னத்தை அழுத்தி, பலவந்தமாக உள்ளே நுழைக்கப் பார்த்தாள். எலும்பும் தோலுமாகக் கிடந்த அந்தக் கிழவிக்கு எங்கிருந்துதான் அவ்வளவு பலம் வந்ததோ, வாய் திறக்கவேயில்லை. கஞ்சி தலையணையெல்லாம் ஆனது. கடைசியில் யின்ஹுவாதான் அழுதாள்.

மதியம் தாண்டியதும் கிழவியின் கை போர்வையைப் பிறாண்ட ஆரம்பித்தது. "துணியை எடு" என்றாள்.

சாவுத்துணி பெட்டியில் தயாராக இருந்தது. கிழவியே எழுபதில் தைத்து வைத்தது. மூச்சு இருக்கும்போதே போட்டுவிட வேண்டும். போனபின் போட்டால் அந்தத் துணி மறுஉலகத்துக்குக் கூடவே வராது, அம்மணமாகப் போக நேரும். போட்டால், சாகச் சொன்னதாகிவிடுமே. யின்ஹுவா பெட்டியைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். பிறகு ஓடிப்போய் லுவோ அக்காவைக் கூட்டிவந்தாள்.

இருவரும் சேர்ந்து ஒவ்வொரு சட்டையாக மாட்டினார்கள். கிழவி சின்னப்பிள்ளை மாதிரி கையை நீட்டிக் கொடுத்தாள். கடைசி நாடாவை யின்ஹுவா முடிந்துகொண்டிருக்கும்போதே மூச்சு நின்றுவிட்டது. எந்த நொடியில் நின்றது என்று இருவருக்குமே தெரியவில்லை.

லுவோ அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுகை நிஜம்தான். பிறகு இடுப்பிலிருந்து குறடு ஒன்றை எடுத்துக் கட்டில்மேல் வைத்தாள். "வாய்க்கரிசியோட தேயிலையும் வைக்கணுமே, அப்பவே அதைப் பிடுங்கிடு. மண்ணுக்குள்ள போயும் தின்னும்பாங்க. உன் வீட்டுக்காரனுக்காகச் சொல்றேன்."

யின்ஹுவா ஜன்னலை முழுக்கத் திறந்தாள். வெயில் கட்டில்மேல் விழுந்தது. தேயிலையையும் அரிசியையும் இரண்டு விரலில் எடுத்துக்கொண்டு மோவாயை மெல்லக் கீழே இழுத்தாள். அத்தனை நாள் அவள் எவ்வளவு முயன்றும் திறக்காத வாய் இப்போது லேசாகத் திறந்துகொண்டது.

விளக்கு வெளிச்சத்தில் கஞ்சி ஒட்டியிருந்தபோது வெள்ளையாகத் தெரிந்தது இப்போது வெள்ளையாக இல்லை. பழுப்பு. மேல் விளிம்பு சாய்வாக உடைந்திருந்தது. விழுந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்திருந்த அந்த மொச்சைப் பல்லின் அடிக்கட்டை. இத்தனை காலம் ஈறு மூடியிருந்தது. ஈறு சுருங்கச் சுருங்க வெளியே தெரிந்திருக்கிறது. முளைக்கவும் இல்லை, வளரவும் இல்லை. யின்ஹுவா குனிந்தவள் நிமிரவில்லை.

"என்னடி, பெரிசா இருக்கா?" லுவோ அக்கா கதவோரமாக நின்றாள். கிட்டே வர அவளுக்குப் பயம்.

யின்ஹுவா தேயிலையையும் அரிசியையும் உள்ளே வைத்து வாயை மூடினாள். மோவாய்க்குக் கீழே கையைக் கொடுத்து அப்படியே பிடித்துக்கொண்டாள். "உங்க குறடு, எடுத்துட்டுப் போங்க அக்கா."

"பிடுங்கிட்டியா?"

அவள் மோவாயைப் பிடித்த கையை விலக்கவில்லை. பிடுங்கியாயிற்று என்று லுவோ அக்கா எடுத்துக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் தெருவும் அப்படியே எடுத்துக்கொண்டது.

கல்யாணச் சாவு என்றார்கள். தொண்ணூற்றாறு வயது, மூத்தவனின் மகன் வந்து காரியம் செய்தான், வெடி வெடித்தார்கள், மூன்று பந்தி நடந்தது. தெஷுனுக்கு மட்டும் இப்போது சொல்ல வேண்டாம், வீட்டுக்கு வரட்டும் என்று மின்னிடம் சொல்லியிருந்தார்கள். கீரைக்கறியும் பன்றிக்கொழுப்பும் தின்றபடி எல்லோரும் ஒரே பேச்சைத்தான் பேசினார்கள்: பிள்ளைக்காகத் தன் உயிரையே விட்டுக்கொடுத்தாள், அவளல்லவா தாய். அவ்வளவு வயதில் போனவர்கள் வீட்டுக் கிண்ணத்தைத் திருடிக்கொண்டு போனால் அந்த ஆயுள் கூடவே வரும் என்பது வழக்கம். வீட்டுக்காரர்கள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்க வேண்டும். சிவப்பு எழுத்துப் போட்ட கிண்ணங்கள் சட்டைக்குள்ளும் பைக்குள்ளும் போயின. லுவோ அக்கா பேத்திக்கும் சேர்த்து இரண்டு எடுத்தாள். யின்ஹுவா சுவரோரம் நின்று ஒவ்வொருவர் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்பதும் தெரிந்தது: அப்ப எதுக்குடி பட்டினி போட்டே?

தெஷுன் வந்தபோது பாதி ஆளாக இருந்தான். தெருமுனையிலேயே யாரோ சொல்லிவிட்டார்கள். அவன் படியேறி வந்து, நேரே அம்மாவின் அறைக்குப் போய், காலிக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் அழுதான். நெஞ்சில் தையல் இருக்கிறது என்று மின் பதறினாள். அழுது முடித்துச் சாப்பாட்டு மேசைக்கு வந்தவன் முகத்தில் துக்கத்தோடு வேறு ஒன்றும் இருந்தது. பெருமை மாதிரி.

"எனக்காகத்தான் சாப்பிடாம இருந்தாங்களாமே?"

யின்ஹுவா கஞ்சியை ஊற்றினாள். எல்லாக் கிண்ணமும் போய் மிச்சமிருந்தது கிழவியின் சொந்தக் கிண்ணம் ஒன்றுதான். அதைத்தான் அவன் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டான்.

"நீ பாத்தியா, அந்தப் பல்ல?"

அவள் பானையை மூடினாள். "பாத்தேன்."

அவ்வளவுதான் கேட்டான். பிறகு சுவரைப் பார்த்து, "இதை யாரு திருப்பி மாட்டினது?" என்று எழுந்துபோய் படத்தைச் சரிப்படுத்தினான். பதினெட்டு வயது முகத்தோடு மாகு, நீள நகங்களுக்கிடையே தட்டைப் பிடித்துக்கொண்டு, மேசையைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்கு. இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றான் தெஷுன்.

யின்ஹுவா ஊற்றினாள். அவன் குனிந்து குடிக்கும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. அவள் டம்ளரில் ஊற்றி வைத்திருந்த தன் கஞ்சியைத் தொடவில்லை. வாயை மூடியபடி, நாக்கு நுனியால் தன் கீழ்ப்பற்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.