இருக்கை எல்லாம் சமம்

1.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை மயிலம் ரோட்டில் என் வீட்டுக்குத் தரை போட்ட கொத்தனாரின் வாயிலிருந்து வந்தது. "சமம் பாத்தாச்சு சார்" என்றார். மட்டம் பார்த்துவிட்டாராம். எனக்கோ வேறு என்னென்னவோ தோன்றி, தரை காய்வதற்குள் திண்டிவனத்தில் ஒரு பழைய பார்க்கைக் கட்டிவிட்டேன். (தேடிப் போகாதீர்கள், அப்படி ஒன்று கிடையாது.)

2.
தொண்ணூறு வருஷத்துக்கு முன்பு, பெருந்தன்மை மிக்க ஒரு

வேண்டாம். புண்ணியவான் வந்தால் கதை போரடிக்கும்.

ஜெசிந்தாவிடமிருந்து தொடங்குகிறேன். பார்க்கைப் பராமரிக்கும் ஆபீஸில் பிளான் வரைபவள். பார்க்கில் வேப்பமரத்தைச் சுற்றி ஒரே உயரத்தில் வட்டமாக ஓடும் கல் பெஞ்சை இடித்துவிட்டு, பெரிய மனிதர்களுக்கு மேடையும் மற்றவர்களுக்குக் கீழே படியும் வைக்கப்போகிறார்கள். பெஞ்சுக்கு ஏதோ அர்த்தம் உண்டென்று அவள் எழுதிக்கொடுத்தால் அது தப்பும். இன்று சாயங்காலம் கெடு. பழைய வரைபடத்தின் ஓரத்தில் பென்சிலில் ஒரு வரி கிடைத்தது: 'இருக்கை எல்லாம் சமம்.' எல்லாரும் சமம் என்று படித்து அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

3.
"அட என்னம்மா நீ!" என்றார், அவள் காட்டிய வரியைப் பார்த்த ஆபீஸ் இன்ஜினியர் நடராசன். "சமம்னா மட்டம். கொத்தனாருக்கு எழுதின குறிப்பு. இதுல போயி தத்துவம் தேடிக்கினு இருக்கியே!"

(அவர் சொல்வதும் நியாயம்தான். இந்த இடத்தில் அலமாரியிலிருந்து ஒரு தியாகியின் கடிதத்தை எடுத்துக் கொடுத்து ஜெசிந்தாவை ஜெயிக்க வைக்கலாம். எழுதியும் பார்த்தேன். வெட்கமாக இருந்தது, அடித்துவிட்டேன்.)

4.
ஜெசிந்தா பார்க்குக்கே போனாள். பார்க்கைப் பெருக்கும் ரோஜா வேலை முடிந்து அந்தக் கல் பெஞ்சில் உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அதே பெஞ்சில், ஒரு முழம் தள்ளி, வக்கீல் ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஜெசிந்தா விஷயத்தைச் சொல்லி, "மட்டமா, சமத்துவமா? ஒண்ணும் புரியலக்கா" என்றாள்.

"இதுல இன்னா பேஜாரு மேடம்? ரெண்டும் ஒண்ணுதான? ஒசரம் வச்சிட்டா நானு கீழதான குந்தணும்."

வக்கீல் பேப்பரை இறக்கவில்லை. ஆனால் பக்கம் திருப்புவதை நிறுத்திவிட்டார்.

5.
ஐந்து மணி. ஜெசிந்தா எழுதுகிறாள்: 'இங்கே சமம் என்பதன் பொருள்

இதற்கு மேல் நான் எழுதமாட்டேன். யாராவது கீழே குந்தும்போது நாற்காலியில் பேசாமல் இருந்த நாட்கள் எனக்கு நிறைய உண்டு. அந்தக் கையால் இந்த வாக்கியத்தை முடித்தால் பொய்யாகிவிடும்.

நீங்கள் முடியுங்கள். அதற்கு முன், இப்போது எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள், உங்களுக்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். ஜல்தி, ஆபீஸைப் பூட்டப்போகிறார்கள்.