வரப்பில் நடந்த பேச்சுவார்த்தை

எங்கள் மெட்ரிக் பள்ளியின் ஆயா அகிலாண்டம் அக்கா ஆண்டுக்கொரு முறை புதிதாகப் பிறப்பார். ஏப்ரல் கடைசியில் வேலையை விட்டு நிறுத்துவார்கள். ஜூனில் புதிய ஆள் என்று சேர்ப்பார்கள். பள்ளி தொடங்கியதிலிருந்து இருப்பவர், கணக்கில் மட்டும் எப்போதும் நேற்று வந்தவர். இந்த வருஷம் அவருக்கு முழங்கால் வீங்கிவிட்டது. "அடுத்த ஜூன்ல பாத்துக்கலாம்" என்று தாளாளர் இளஞ்செழியன் சொன்னதிலிருந்து அக்காவுக்குத் தூக்கமில்லை.

தாளாளர் சிங்கப்பூரில் சம்பாதித்து, ஒரத்தநாட்டுப் பக்கம் நிலமும் பள்ளியும் வாங்கியவர். நான் யூனுஸ், சவூதியில் வண்டி ஓட்டிவிட்டு வந்து அவருடைய வேனை ஓட்டுகிறவன். கடல் தாண்டினால் எல்லோருக்கும் விடியும் என்று சொன்னவனைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

டீச்சர்கள் சேரவில்லை; மற்றவர்கள் சங்கம் வைத்தோம். வாட்ச்மேன் வீரையன்தான் செயலாளர். ஏப்ரலில் எங்களில் யாரையும் நிறுத்தக் கூடாது என்பது ஒரே கோரிக்கை. நாங்கள் பேசக் கூப்பிட்ட போதெல்லாம் தாளாளர் போண்டா வாங்கித் தந்தார், "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்றார், நாங்கள் எழுதி நீட்டிய ஒப்பந்தத் தாளை மேசை டிராயரில் போட்டுப் பூட்டினார். போண்டாவைக் குறை சொல்ல முடியாது.

அதற்குள் குறுவை நடவு வந்துவிட்டது. நட ஆளில்லை; பாதி ஊர் திருப்பூரில், மீதி வளைகுடாவில். நாற்றையோ பறித்துப் போட்டாயிற்று. பறித்த நாற்று காத்திருக்காது. குடும்பம் எதற்கு இருக்கிறது? ஆயாக்களை எல்லாம் என் வேனில் ஏற்றித் தன் வயலுக்கு அனுப்பினார் தாளாளர், அக்காவின் முழங்காலையும் சேர்த்து.

அங்கேதான் மனிதர் கோட்டை விட்டார். ஆயாக்களுக்கு மேசை முன்னால் வாய் வராது, வரப்பில் வரும். பேச்சு முடியாமல் சேற்றில் கால் வைப்பதில்லை என்பது இந்தப் பக்கத்து நடவுப் பெண்களின் வழக்கம். இவர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் நடவு நட்டவர்கள். அக்கா வரப்பில் நின்றார். மற்றவர்களும் நின்றார்கள். வயலில் காத்திருந்த தாளாளர் பதறினார்.

"இறங்குங்கம்மா, வெயில் ஏறுது!"

"நாத்துக்குத்தாங்க ஏறுது. நாங்க நிப்போம்" என்றார் அக்கா.

"கூலி தனியா தர்றேன்."

"கூலி கெடக்கட்டுங்க. டிராயர்ல இருக்கிற தாளை எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

"அது பள்ளிக்கூட விஷயம். இங்க எதுக்கு?"

"நாங்களும் பள்ளிக்கூடத்து ஆளுங்கதான். நாங்க இங்க எதுக்கு?"

கூட வந்திருந்த வீரையன் உரையாற்றத் தொண்டையைச் செருமினார். அக்கா பார்த்த பார்வையில் அடங்கிவிட்டார். வரப்பில் கிடந்த நாற்று நுனி சுருளத் தொடங்கியது. பத்தாம் வகுப்பில் பாதிப் பேர் தேறாதபோதுகூட அசையாத தாளாளரின் கண் அன்றைக்குத்தான் கலங்கிற்று.

சாவியை என்னிடமே கொடுத்தனுப்பித் தாளை வரவழைத்தார். வேன் பானட்டின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பெண்கள் சேற்றில் இறங்கினார்கள். அக்காவை மட்டும் இறங்க விடவில்லை.

அடுத்து வந்த ஏப்ரல் கடைசி நாள் அக்கா பழக்கதோஷத்தில் வகுப்பறைச் சாவிக்கொத்தை ஆபீசில் நீட்டினார். "நீங்களே வச்சுக்குங்க" என்றார் கிளார்க். அக்கா அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

நான் வேனுக்குத் திரும்பினால், அன்று வழக்கம்போல் நிறுத்தப்பட்ட ஆங்கில டீச்சர் பூர்ணிமா காத்துக்கொண்டிருந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார்:

"பாய், எங்களை எப்ப நடவுக்கு அனுப்புவாரு?"