முதல் வாய்

பெரிய இத்தாலிய உணவகங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஒயின் பாட்டிலைத் திறந்ததும் ஒரு மடக்கு மட்டும் ஊற்றி மேசையில் ஒருவரிடம் நீட்டுவார்கள். அவர் கோப்பையைச் சுழற்றி, மோந்து, வாயில் வைத்துப் பார்த்துத் தலையாட்டினால்தான் மற்றவர்களுக்கு ஊற்றுவார்கள். நானும் என் கணவரும் மூன்று வருடத்தில் இந்த நகரத்தில் நாற்பத்தொரு இத்தாலிய உணவகங்களில் சாப்பிட்டிருக்கிறோம். நாற்பத்தொன்றிலும் அந்தக் கோப்பை என்னைத் தாண்டி அவரிடம்தான் போனது. அது போய்ச் சேர்ந்த மூக்குக்கு மல்லிகைக்கும் மண்ணெண்ணெய்க்கும் வித்தியாசம் தெரியாது.

என் கணவர் ஒரு வாரப் பத்திரிகையில் 'சுவைஞன்' என்ற புனைபெயரில் உணவக விமர்சனம் எழுதுகிறவர். மூன்று வருடத்துக்கு முன்னால் வந்த ஒரு காய்ச்சல் அவருடைய மோப்பத்தை அப்படியே வாரிக்கொண்டு போய்விட்டது. நாக்கில் உப்பு, புளிப்பு, இனிப்பு, ஏதோ கொஞ்சம் கசப்பு, அவ்வளவுதான் மிச்சம். "வந்தாலும் வரலாம்" என்றார் டாக்டர். வரவில்லை.

"வேலை போயிடும்மா" என்று குளியலறைத் தரையில் உட்கார்ந்து அழுதார். எனக்கு மனசு கேட்கவில்லை. "நான் கூட வரேன். சாப்பிட்டுப் பாத்து நான் சொல்றேன், நீங்க எழுதுங்க" என்று வாயைக் கொடுத்தது நான்தான். அதை நான் மறுக்கவில்லை.

என் மூக்கு சும்மா வந்த மூக்கு இல்லை. குடிநீர் ஆய்வகத்தில் பத்தொன்பது வருட வேலை. காலையில் வரிசையாகப் பாட்டில்கள் வரும். ஒவ்வொன்றையும் குலுக்கி, மூடியைத் திறந்து, முதல் மூச்சில் சொல்ல வேண்டும்: பாசியா, சேறா, குளோரின் கூடியிருக்கிறதா என்று. இரண்டாம் மூச்சில் மூக்கு பழகிவிடும், அப்புறம் அது சொல்வதை நம்ப முடியாது. அங்கே ஒவ்வொரு அறிக்கையின் அடியிலும் என் கையெழுத்து இருக்கும். அது இல்லாமல் ஒரு சொட்டுத் தண்ணீர் குழாயில் ஏறாது.

உணவகத்தில் எங்கள் முறை இது. எந்தத் தட்டு வந்தாலும் முதல் வாய் என்னுடையது. நான் சொல்லச் சொல்ல அவர் மடியில் வைத்த நோட்டில் குறித்துக்கொள்வார். அதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அவருக்கு வால்நட் கொட்டை ஆகாது, ஒரு துண்டு போனாலும் தொண்டை வீங்கிவிடும். அதைப் பரிமாறுகிறவரிடம் முன்கூட்டியே சொல்லித் தொலைக்கலாம் அல்லவா? மாட்டார். "எல்லாருக்கும் வர்றதுதான் எனக்கும் வரணும், அதுதான் விமர்சனம்" என்பார். ராஜாவுக்கு விஷம் இருக்கிறதா என்று தின்று பார்க்க ஒரு ஆள் வைத்திருப்பார்களாமே, அது நான்.

ஒருநாள் காளான் சோறு வந்தது. "மழை விட்டதும் மரத்தடியில நிக்கிற மாதிரி இருக்குங்க" என்றேன், வாயில் சோற்றோடு. இன்னொருநாள் கருகின வாசனை வந்தபோது, "வெண்ணெய் அவசரப்பட்டிருக்கு" என்றேன். இரண்டும் அடுத்தடுத்த வாரங்களில் அப்படியே அச்சில் வந்தன. ஆய்வகத்தில் மதியச் சாப்பாட்டின்போது ஒருத்தி அதை எனக்கே படித்துக் காட்டினாள். "'வெண்ணெய் அவசரப்பட்டிருக்கிறது'ன்னு எழுதியிருக்கார். என்ன ஒரு நாக்கு பாருங்க அந்த மனுஷனுக்கு!" நான் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன். பெற்றவள் நான், பேர் வாங்குவது அவர்.

அதையும் பொறுத்தேன். போன மாதம் அந்த விமர்சனங்களைப் புத்தகமாகப் போட ஒரு பதிப்பகம் முன்வந்தது. அட்டையில் அவர் முகமும் சொந்தப் பெயரும். பிழை பார்க்க வந்த தாள்களில் முதல் பக்கத்தில் இருந்தது சமர்ப்பணம்: 'இத்தனை மேசைகளிலும் என்னோடு பொறுமையாக உட்கார்ந்திருந்த என் மனைவிக்கு.'

உட்கார்ந்திருந்தேனாம்! நான் என்ன பஸ்ஸுக்கா உட்கார்ந்திருந்தேன்?

"அட்டையில என் பேரும் வரணும்" என்றேன்.

"அதுக்கென்னம்மா, வெள்ளிக்கிழமை பதிப்பாசிரியர் நம்ம ரெண்டு பேரையும் சாப்பிடக் கூப்பிட்டிருக்காங்க. அங்க நானே பேசுறேன்."

"எதையும் மறைக்காம?"

"மறைக்காம."

நம்பினேன். அவர் பேசி முடிக்கும்வரை சமாளிக்க வேண்டுமே என்று அவர் சொன்ன ஒரு ஜாடைக்கும் ஒத்துக்கொண்டேன். மேசைக்கடியில் காலில் ஒரு அழுத்து என்றால் நன்றாக இருக்கிறது, இரண்டு என்றால் சரியில்லை. கிளம்புவதற்கு முன் சோபாவில் உட்கார்ந்து ஒத்திகைகூடப் பார்த்தோம்.

பதிப்பாசிரியர் என் வயதுப் பெண். பெண் என்பதால் எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது. வட்ட மேசை, தரையைத் தொடும் வெள்ளை விரிப்பு. ஒயின் வந்தது. அந்த ஒரு மடக்கு வழக்கம்போல் என்னைத் தாண்டிப் போனது. அவர் சுழற்றினார், கண்ணை மூடி மோந்தார், "அருமை" என்றார். எங்கள் கோப்பைகள் நிறைந்தன. என்னுடையது மூக்குக்குக் கீழே வந்ததுமே நனைந்த அட்டைப்பெட்டி வாசனை குப்பென்று அடித்தது. பாட்டிலின் தக்கை கெட்டு ஒயினையும் கெடுத்திருந்தது.

இரண்டு அழுத்து அழுத்தினேன். அவர் நிறுத்தவில்லை. பழுத்த செர்ரி, பழைய தோல், ஏதோ மலையடிவாரம் என்று அளந்துகொண்டே போனார். பதிப்பாசிரியர் ஒரு வாய் குடித்துவிட்டு முகம் சுளித்தார். பிறகு, இவ்வளவு பெரிய ஆள் சொல்கிறாரே என்று சுளிப்பை மடித்து வைத்துக்கொண்டார். எனக்குத் தாங்கவில்லை.

"இது கெட்டுப்போச்சுங்க" என்றேன், வாய்விட்டே.

என் கணவர் சிரித்தார். "தப்பா நினைக்காதீங்க மேடம். இவளுக்கு மூணு வருஷமா வாசனையே தெரியாது. ஒரு காய்ச்சல்ல போயிடுச்சு. பாவம்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள், கேள்விப்பட்டிருக்கிறேன். இவர் பூசணிக்காயைத் தூக்கி என் தட்டில் வைத்துவிட்டார். என் காது இரண்டும் கொதித்தன. அவருடைய காய்ச்சலை, அவருடைய குறையை, குளியலறையில் அழுத அந்த ராத்திரியைக்கூட என் தலையில் கட்டிவிட்டு, கடைசியில் ஒரு 'பாவம்' வேறு!

பரிமாறுகிறவரைக் கூப்பிட்டேன். "கொஞ்சம் நீங்களே மோந்து பாருங்க."

அவர் மோந்தார். முகம் மாறியது. "மன்னிக்கணும் மேடம். உடனே வேற பாட்டில் கொண்டு வரேன்."

பதிப்பாசிரியர் என்னைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார், பிறகு கையைத் தட்டிச் சிரித்தார். "புரிஞ்சுபோச்சு! எனக்குத் தெரியுதான்னு சோதிச்சுப் பாத்தீங்க, இல்லையா சார்? வாசனையே தெரியாத வீட்டம்மாவை எப்படிப் பழக்கி வெச்சிருக்கீங்க!"

இப்போதாவது சொல்லலாம். கதவைத் திறந்தே வைத்துக் கொடுத்துவிட்டார் அந்த அம்மாள். நான் என் கணவரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்கூடவே இருந்து பழகிட்டா" என்றார் அவர்.

நான் இரண்டு கால்களையும் இழுத்து நாற்காலிக்கு அடியில் மடக்கிக்கொண்டேன்.

அடுத்து பாஸ்தா வந்தது, துளசி ஜாதி இலையை அரைத்த பச்சைச் சாந்து பூசி. "முதல் வாய் நீங்க எடுங்க சார். உங்க முகத்தைப் பாக்கணும்னு ரொம்ப நாள் ஆசை" என்றார் பதிப்பாசிரியர். என் கணவரின் கால் மேசைக்கடியில் என் காலைத் தேடியது. விரிப்பு அசைவதிலேயே தெரிந்தது. கடைசியில் எதையோ கண்டுபிடித்து அழுத்தவும் செய்தது. அது மேசையின் கால்.

நான் என் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்தேன். இலை, பூண்டு, பாலாடைக்கட்டி. எல்லாம் போன பிறகு பல்லுக்குப் பின்னால் மெல்லிய கொட்டைத் தோல் கசப்பு ஒன்று நின்றது. பைன் கொட்டை போட்டு அரைக்க வேண்டியதை இவர்கள் வால்நட் போட்டு அரைத்திருந்தார்கள்.

அவருடைய முள்கரண்டி பாதி தூரம் வந்துவிட்டது. வாசனையே தெரியாதவள்தானே நான், எனக்கென்ன தெரியும் என்று இருந்துவிடலாமே என ஒரு கணம் நினைத்தேன். நினைத்ததை ஒளிப்பதற்கில்லை. ஆனால் பொய் சொல்கிற நாக்கு அவருடையது, என்னுடையது இல்லை.

"கீழ வைங்க. வால்நட்."

அவர் தட்டைப் பார்க்கவில்லை. மோந்து பார்க்கவில்லை. நிஜமா என்று கேட்கவில்லை. கரண்டி தட்டில் விழுந்த சத்தத்துக்குப் பக்கத்து மேசை திரும்பியது. தட்டைத் தள்ளிவிட்டு, ஒரு கையால் தொண்டையைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். வேஷம் இல்லாமல் வீட்டில் இருக்கிற அதே முகம்.

பதிப்பாசிரியரின் சிரிப்பு காணாமல் போயிருந்தது. "சார், நீங்க மோந்துகூடப் பாக்கலையே?"

இன்னொரு பொய்க்காக நான் காத்திருந்தேன். அது வரவில்லை.

"அவ சொன்னா சரியா இருக்கும்" என்றார்.

அன்று மாலை அவர் பேசிய முதல் உண்மை. "மேடம், இந்தப் புத்தகத்துல இருக்கிற ஒவ்வொரு வாயும் நான் சாப்பிட்டது" என்றேன். "காய்ச்சல்ல மோப்பம் போனது அவருக்கு. அந்தச் சமர்ப்பணப் பக்கத்தைக் கிழிச்சுப் போடுங்க. அட்டையில என் பேர் வரணும், அவர் பேருக்கு மேல."

இத்தனையும் கேட்ட பிறகு அந்த அம்மாள் என்ன செய்தார் தெரியுமா? என்னைத் தாண்டி அவரைப் பார்த்தார். சரி என்று அவர் தலையாட்டுவாரா என்று பார்த்தார்!

என் கணவர் தலையை நிமிர்த்தவில்லை. "என்கிட்ட கேக்காதீங்க மேடம். அவகிட்ட கேளுங்க."

புதுப் பாட்டிலோடு வந்து நின்ற பரிமாறுகிறவர் அதைக் கேட்டிருக்க வேண்டும். என் கணவர் பக்கம் சாய்ந்த பாட்டிலை நிமிர்த்தி, மேசையைச் சுற்றி என் பக்கம் வந்தார். ஒரு மடக்கு மட்டும் ஊற்றினார்.

நான் கோப்பையைச் சுழற்றினேன். மூவரும் என் தலை அசைவதற்காகக் காத்திருந்தார்கள். நான் அவசரப்படவில்லை.