நாலாவது கையெழுத்து

முப்பத்திரண்டு வருடம் பஸ் ஓட்டிய டிரைவர், வண்டியைப் பின்னால் எடுக்கும்போது ஒரு தடவைகூட எதிலும் இடித்ததில்லை. வீட்டில் மட்டும் அவருக்குப் பின்னால் எடுக்கவே தெரியாது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அந்த முயலே நாலாவது காலைத் தூக்கிக் காட்டினாலும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரர் பதினோரு வருடத்துக்கு முன் மதில் கட்டினார். அது தன் மனைக்குள் நாலு விரற்கடை வந்துவிட்டது என்பது டிரைவரின் கட்சி. தானே அளந்தார், ஆள் வைத்து அளந்தார், மழையில் நனைந்துகொண்டும் அளந்தார். ஒவ்வொரு தடவையும் ஒவ்வோர் அளவு வந்தது. கோபம் மட்டும் குறையவில்லை. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

ஒன்றரை வருடத்துக்கு முன் மகன் ஒரு வரைபடத்தோடு வந்தான். மேலே மாடி கட்டி அவனும் மருமகளும் இருப்பார்கள், பெற்றவர்கள் கீழே. வெளிப்பக்கமாகப் படி. அது மதிலை ஒட்டி வருவதால், தனக்கு ஆட்சேபணை இல்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டால்தான் நகராட்சி அனுமதி தரும். இதைக் கேட்டதும் டிரைவருக்குச் சுர்ரென்று ஏறியது.

"அவன் வாசலை மிதிச்சேன்னா, அப்புறம் என் வாசலை மிதிக்காதே" என்றார்.

மகன் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு போனான். இரண்டு வாரம் கழித்து விண்ணப்பத்தை நீட்டி, ஒரே ஒரு கையெழுத்து போடச் சொன்னான். இவர் பிரித்துக்கூடப் பார்க்காமல் தள்ளிவிட்டார். மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தவன், வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு மாசமாயிருந்த மனைவியோடு போய்ச் சேர்ந்தான்.

பேத்தி பிறந்ததும் குப்புற விழுந்ததும் தவழ்ந்ததும் இவருக்குப் போனில்தான். போன வாரம் அவள் திரையில் தாத்தாவைப் பார்த்துவிட்டு, போனுக்குப் பின்னால் இருக்கிறாரா என்று எட்டித் தேடினாள். மனைவி சிரித்தாள். டிரைவருக்குச் சிரிப்பு வரவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு நேராக மருந்துக்கடைக்குப் போனார்.

வாடிக்கையாளர் மாதிரி இரண்டு பேருக்குப் பின்னால் நின்றார். முறை வந்தபோது, பதினோரு வருட வீம்பை மென்று விழுங்கிவிட்டு, கையெழுத்து வேண்டும் என்றார். மாத்திரை அட்டையை வெட்டிக்கொண்டிருந்த கத்தரிக்கோல் நின்றது.

"நான் அப்பவே போட்டுக் குடுத்துட்டேனே, அண்ணே. உங்க பையன் வந்து வாங்கிட்டுப் போனாரு. வீட்டு வாசலை மிதிக்கக் கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்காரு, அதான் கடைக்கு வந்தேன்னாரு."

டிரைவர் தலைவலி மாத்திரை ஒன்று வாங்கிக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்கு நடந்தார்.

கட்டட அனுமதிப் பிரிவில் இருந்த பெண் அலுவலர் நாடா கட்டிய கோப்புகளைப் புரட்டி, அடியிலிருந்து ஒன்றை உருவினார். விண்ணப்பதாரர் என்ற கட்டத்தில் மகனின் கையெழுத்து. பக்கத்து வீட்டுக்காரர் கட்டத்தில் மருந்துக்கடைக்காரருடையது. வீடு இருவர் பேரிலும் இருந்ததால் உரிமையாளர்களுக்கு இரண்டு கட்டம். ஒன்றில் மனைவியின் சாய்ந்த கையெழுத்து. இன்னொன்று வெள்ளையாக இருந்தது.

"எல்லாம் சரியாத்தாங்க இருந்துச்சு. இந்த ஒண்ணை மட்டும் அப்புறம் வாங்கித் தர்றேன்னு குடுத்துட்டுப் போனாரு, வரவே இல்லை. ஒரு வருஷம் பார்த்துட்டு மூடிட்டோம்" என்றார் அலுவலர். வேண்டுமானால் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்றும் சொன்னார். பிறகு வரைபடத்தைப் பார்த்து, "படியெல்லாம் உயரம் கம்மியா போட்டிருக்காங்க. வீட்ல முட்டி வலிக்காரங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார்.

"இருக்காங்க" என்றார் டிரைவர். கிளட்ச் மிதித்து மிதித்துத் தேய்ந்த தன் முட்டியைக் கை தானாகத் தடவியது. மாடிக்குத் தன்னையும் ஏற்றிப் பார்க்க நினைத்திருக்கிறான் பிள்ளை. தான் அவனை வாசலோடு நிறுத்தினோமே என்று நொந்துகொண்டார்.

வெளியே வந்து மகனைக் கூப்பிட்டார். கையெழுத்துப் போடுகிறேன், திரும்ப எழுதிக் கொடுக்கலாம், வந்துவிடு என்று மூச்சுவிடாமல் சொன்னார்.

"இங்கேயே வீடு வாங்கிட்டோம்பா" என்றான் மகன். குரலில் கோபமே இல்லை, அதுதான் இவரை அறுத்தது. "தரைத்தளமாத்தான் பார்த்தோம். நீங்க வந்தா படி ஏற வேண்டாமில்ல."

வீட்டுக்கு வந்து மதிலைப் பார்க்காமல் உள்ளே போனார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். போன காரியம் என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

"எல்லாரும் போட்டிருக்கீங்க. நான் ஒருத்தன்தான் போடலை."

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. பையன் தன்னிடம்தான் முதலில் கையெழுத்து வாங்கினான் என்றாள்.

"தெரிஞ்சிருந்தா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா?"

டிரைவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அவளுடைய மடியிலிருந்து ஒரு துண்டை எடுத்து, தனக்குத் தெரிந்த மாதிரி மடிக்கப் பார்த்தார். அது கோணலாக வந்தது.

"கேட்டிருக்க மாட்டேன்" என்றார்.