கல்லீரல் ஊதாது

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. உடல்நலப் பத்திரிகை நடத்தும் ஒருவர் என்னிடம் கட்டுரை கேட்டார். கஞ்சா, மது, சிகரெட், மூன்றில் எது உடம்புக்கு அதிகக் கேடு? இரண்டு பக்கம், ஒரு அட்டவணை, கடைசியில் பளிச்சென்று ஒரு தீர்ப்பு. நானும் தலையாட்டிவிட்டேன். தலையாட்டுவது எவ்வளவு சுலபம்.

மூன்று கட்டம் போட்டேன். மதுவின் கட்டம் வழிந்தது: கல்லீரல், இதயம், பல வகைப் புற்றுநோய், ஒரே இருப்பில் அளவு மீறினால் அன்றைக்கே மரணம். சிகரெட் கட்டத்தில் இடம் போதாமல் ஓரத்தில் எழுதினேன். கஞ்சாவின் கட்டத்திலும் எழுத விஷயம் இருந்தது. நினைவு மங்கும், நெஞ்சு படபடக்கும், விடலைப் பருவத்தில் தொடங்கினால் சிலருக்கு மனநோய்க்கு வாசல் திறக்கலாம், பழகுகிறவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு விட முடியாமல் போகலாம். அதற்கப்புறம் திரும்பத் திரும்ப ஒரே பல்லவி: "இன்னும் தெளிவில்லை." கடையில் விற்பதைப் பற்றிக் கேட்டால் ஆட்கள் பதில் சொல்வார்கள். ஒளித்து இழுப்பவரைக் கேட்டால் "நானா?" என்பார். அதை வைத்து என்ன ஆராய்வது?

ஒன்பதாவது முறை "இன்னும் தெளிவில்லை" என்று எழுதியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கட்டத்துக்குள் ஒரு பெண் புகுந்து, "ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க, விட்டுடாதீங்க" என்றாள்.

கட்டுரை அங்கேயே படுத்துவிட்டது.

2.

முதல் தொடக்கம்: "ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், சோகமே உருவான ஒரு பெண்—" (இல்லை. இவளுக்குச் சோகமாக இருக்க நேரம் கிடையாது.)

இரண்டாவது: "நுரையீரல் என்பது வெறும் இரண்டு பைகள் அல்ல, அவை—" (அவை என்ன? எனக்கே தெரியவில்லை.)

மூன்றாவது நிற்கட்டும்: ஆஸ்பத்திரி முழுக்க அவளை ஊதம்மா என்றுதான் கூப்பிட்டார்கள்.

மூச்சுப் பரிசோதனை அறையில் பன்னிரண்டு வருட வேலை. வருகிறவர் மூக்கில் கிளிப்பை மாட்டுவாள், வாயில் அட்டைக் குழாயைக் கொடுப்பாள், நெஞ்சு நிறைய இழுக்கச் சொல்லி, பிறகு ஆறு நொடி இடைவிடாமல் ஊத வைப்பாள். அவள் போடும் சத்தத்தில் பக்கத்து அறை எக்ஸ்ரேக்காரரும் தன்னை மறந்து ஊதிவிடுவார் என்று பேச்சு. கணவர் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். ஒரே தங்கை, நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுப்பவள், நாள் முழுக்க விசில். "குடும்பமே ஊதுற குடும்பம்" என்பார் வாத்தியார்.

தங்கைக்கு ஒருவரைப் பிடித்துப்போனது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர்.

(இந்த மாப்பிள்ளைமேல் எனக்கு நம்பிக்கையே வரவில்லை. முதல் வரைவில் தோள்வரை முடியும் ஒரு கிட்டாரும் கொடுத்திருந்தேன். கஞ்சா என்றதும் கை தானாக அங்கே போகிறது. முடியை வெட்டினேன், கிட்டாரைப் பிடுங்கினேன். மிஞ்சியது, சட்டைப்பையில் துடைக்கும் துணியோடு அலைகிற, எதிரே இருப்பவர் கண்ணாடியில் விரல்ரேகை தெரிந்தால் பேச்சைத் தொடர முடியாத ஒரு மனிதர். சரி, இவர் இருக்கட்டும்.)

3.

ஞாயிற்றுக்கிழமை காலை மாப்பிள்ளை ஊதம்மாவின் வீட்டுக்கு வந்தார். உட்கார்ந்ததும் சொல்லிவிட்டார்.

"கல்யாணத்துக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடணும். நான் கஞ்சா இழுப்பேன். வேலை நேரத்துல இல்ல, சாயங்காலம். பதினேழு வயசுலேருந்து."

அக்காவையும் தங்கையையும் வளர்த்தவர் பெரியப்பா. ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர். அப்போதுதான் பற்றவைத்திருந்த சிகரெட்டை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு எழுந்தார்.

"போதைக்காரனுக்கு எங்க வீட்டுப் பொண்ணா?" ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு புகை வளையம் வந்தது.

"அது பழக்கம் இல்ல மாமா, வியாதி" என்று வாத்தியார் ஒத்து ஊதினார்.

"உங்க கண்ணு ஏன் இப்படிச் செவந்திருக்கு?" என்று கணவரைக் கேட்டாள் ஊதம்மா.

"நேத்து சனிக்கிழமை." சனிக்கிழமை என்பது ஏதோ கண்நோய் மாதிரி சொன்னார். "அது வேற. வாரத்துக்கு ஒரு நாள். ரெண்டே ரெண்டு பெக்."

"ரெண்டு, எந்த டம்ளர்ல?"

வாத்தியார் அளவைகள் பாடத்தை அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

பெரியப்பா ஊதம்மாவின் பக்கம் திரும்பினார். "நீதானே ஆஸ்பத்திரிக்காரி. எது மோசம், நீயே சொல்லு. ஒரே வார்த்தையில."

(பார்த்தீர்களா. பத்திரிகைக்காரரிடமிருந்து தப்பித்து ஓடிவந்தால், அவர் என் கதைக்குள் பெரியப்பாவாக உட்கார்ந்திருக்கிறார்.)

ஊதம்மா தங்கையைப் பார்த்தாள். தங்கை தரையைப் பார்த்தாள். இந்தக் கல்யாணம் நடக்க வேண்டும் என்று ஊதம்மாவுக்கு ஆசை. பயமும் இருந்தது. இரண்டையும் ஒரே வார்த்தையில் எப்படிச் சொல்வது?

"மெஷினைச் சரிபார்க்க நான் எப்படியும் ஆஸ்பத்திரிக்குப் போகணும்.* எல்லாரும் வாங்க. ஊதிப் பாத்துடலாம்."

(* வாரம் ஒருமுறை, பெரிய ஊசிக்குழாயால் மூன்று லிட்டர் காற்றை உள்ளே தள்ளி, கருவி சரியாக மூன்று என்று சொல்கிறதா என்று பார்ப்பாள். பொய் சொல்லாத ஒரு ஜீவனோடு வாரத்தில் அரைமணி நேரம் இருப்பதில் அவளுக்கு ஒரு நிம்மதி.)

தலைமை மருத்துவரிடம் போனில் அனுமதி கேட்டாள். "மெஷினை உடைக்காம இருந்தா சரி" என்றார்.

4.

முதலில் வாத்தியார். மூன்று முறை ஊதினார். திரையில் கோடு அழகாக எழும்பி இறங்கியது. நன்றாகத்தான் இருந்தது.

"பாத்தியா?" என்றார்.

"கல்லீரல் ஊதாதுங்க. அதுக்கு ரத்தம் எடுக்கணும். நாளைக்கே எடுத்துடலாம்."

வாத்தியார் மூக்குக் கிளிப்பைக் கழற்றாமலே உட்கார்ந்துவிட்டார்.

அடுத்தது மாப்பிள்ளை. அவர் ஊதியபோது கோடு வாத்தியாரின் கோட்டைத் தாண்டி மேலே போனது. வாத்தியார் திரையைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"சிலருக்கு இப்படி வரும்னு படிச்சிருக்கேன்" என்றாள் ஊதம்மா. "ஆழமா இழுத்து இழுத்துப் பழகினதா இருக்கலாம். அதனால நல்லதுன்னு அர்த்தம் இல்ல." சொல்லி முடிப்பதற்குள் மாப்பிள்ளைக்கு இருமல் பிடித்துக்கொண்டது. லேசில் நிற்கவில்லை.

"தினமும் காலையில இப்படித்தானா தம்பி?"

"ஆமாக்கா. சளியோட."

"புகைன்னா புகைதான். எந்த இலையில வந்தா என்ன."

இதற்குள் எல்லோருக்கும் தலை கிறுகிறுத்தது. ஓங்கி ஊதினால் அப்படித்தான் ஆகும். வாத்தியார் ஒன்றுமில்லாததற்குச் சிரித்தார். அதைப் பார்த்து மாப்பிள்ளை இருமலுக்கு நடுவே சிரித்தார். ஊதாத தங்கைக்கும் தொற்றிக்கொண்டது.

"சும்மா காத்துலயே இவ்வளவு போதை இருக்கு" என்றார் வாத்தியார். "இது தெரியாம இத்தனை வருஷம் சனிக்கிழமைக்குக் காத்திருந்தேன்."

(இந்த இடத்தில் நானும் நாற்காலியில் உட்கார்ந்தபடி ஆறு நொடி ஊதிப் பார்த்தேன். அவர் சொல்வது சரிதான்.)

பெரியப்பாவும் சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். "தள்ளுங்க. எஞ்சினுக்கே ஊதல் கொடுத்தவன் நான்."

இழுத்தார். ஊதினார். மூன்றாவது நொடியில் காற்று தீர்ந்துபோனது. மறுபடி ஊதினார். அப்போதும் அப்படியே. மூன்றாவது முறை ஊதம்மா சத்தம் போடவில்லை. மெதுவாக, "போதும் பெரியப்பா" என்றாள். ஊரார் மூச்சையெல்லாம் பன்னிரண்டு வருடம் அளந்தவள், வளர்த்தவரை ஒருமுறைகூட இந்த நாற்காலிக்கு அழைத்ததில்லை. ஏன் அழைக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும்.

கருவி காகிதத்தைத் துப்பியது. அதில் கடைசி வரியில் நுரையீரலின் வயது என்று ஒன்று இருக்கும். பெரியப்பாவுக்கு வயது அறுபத்தேழு. காகிதத்தில் தொண்ணூற்றொன்று.

(எழுபத்தொன்று என்று மாற்றிப் பார்த்தேன். நாற்பது வருடம், நாளுக்கு ஒரு பாக்கெட். எண் நகர மாட்டேன் என்றது.)

ஊதம்மா காகிதத்தை மடித்தாள். பெரியப்பா கையை நீட்டினார்.

"காட்டு."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். வெகுநேரம் படித்தார்.

"எங்கப்பாகூட இத்தனை வயசு வரைக்கும் இருந்ததில்லையே" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார். பாதியில் நின்றுவிட்டது. சட்டைப்பையிலிருந்து சிகரெட் பாக்கெட்டை எடுத்தார், உள்ளே வைத்தார், மறுபடி எடுத்து ஊதம்மாவிடம் கொடுத்தார். "சாயங்காலம் வரைக்கும் நீ வெச்சிரு."

அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். சாயங்காலம் வரைக்கும் என்பது அவருக்கு எவ்வளவு பெரிய வாக்கு என்று அவளுக்குப் புரிந்தது.

"இப்பவாவது சொல்லு" என்றார் பெரியப்பா. குரல் இறங்கியிருந்தது. "எது மோசம்?"

"உயிரைக் குடிச்சதை வெச்சுப் பாத்தா சிகரெட்டும் சாராயமும்தான் முன்னாடி நிக்குது பெரியப்பா. கடையில விக்குறதுனால அது சாதுன்னு ஆயிடாது. ஆனா அது மோசம்ங்கிறதால இது நல்லதுன்னும் ஆயிடாது. இவர் சின்ன வயசுல ஆரம்பிச்சிருக்கார். அது மூளையில என்ன பண்ணியிருக்குன்னு இந்த மெஷினுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது."

5.

இனி முடிவு. கையில் இரண்டு இருக்கின்றன.

அ) எல்லோரும் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள். கல்யாணம். (பத்திரிகைக்காரருக்குப் பிடிக்கும். எனக்குக் கொட்டாவி வருகிறது.)

ஆ) ஆறு மாதம் கழித்து, பெரியப்பாவின் நாற்காலி— (மாட்டேன். அந்த மனிதரை எனக்குப் பிடித்துவிட்டது.)

நான் இப்படி எடை போட்டுக்கொண்டிருந்தபோதுதான் தங்கை வாயைத் திறந்தாள். நான்கு பகுதிகளாக அவளுக்கு ஒரு வரிகூடக் கொடுக்காமல் இருந்திருக்கிறேன். என் தப்பு.

"எல்லாரும் ஊதிட்டீங்க. நான் ஒண்ணு கேக்கலாமா?" மாப்பிள்ளையிடம் திரும்பினாள். "போன மாசம் குளத்துக்கு வந்து, கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டீங்களே. அன்னிக்கு இழுத்திருந்தீங்களா?"

அவர் துடைக்கும் துணியை எடுத்துக் கையில் சுற்றினார். "இழுத்திருந்தேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"சரின்னு சொன்னீங்க."

"அதுக்கு முன்னாடி ஒண்ணு சொன்னேன்."

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். தேடுகிற இடத்தில் ஒன்றும் இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஊதம்மாவுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, தங்கையைப் பார்க்க அதைவிட.

"ஞாபகம் இல்ல" என்றார். மழுப்பவில்லை.

"இன்னிக்கு இழுத்தீங்களா?"

"இல்ல. இங்க வந்து சொல்லணும்னு நேத்திலேருந்து தொடல. தூக்கமும் வரல."

தங்கை எழுந்து அவருக்கு எதிரே வந்து நின்றாள். "அப்ப இப்ப கேளுங்க. முதல்லேருந்து."

வாத்தியார் கிளிப்பைக் கழற்றினார். பெரியப்பா காகிதத்தைக் கீழே வைத்தார். மாப்பிள்ளை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார், கொஞ்சம் தள்ளாடியது, அது வெறும் காற்றுதான், சமாளித்து நின்றார்.

அவர் கேட்கப்போவது எனக்குத் தெரியும். அவள் சொல்லப்போவதை மூன்று விதமாக எழுதினேன், மூன்றையும் கிழித்துவிட்டேன். அவளை என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும் என்று தோன்றுகிறது. நீங்களே அவளாக நின்று சொல்லிவிடுங்கள். அவசரமில்லை. அவர் இன்னும் மூச்சை இழுத்து முடிக்கவில்லை.